பதினேழாம் நம்பர் எண்ணெயும் அழகுமுத்துவின் இடது காதும்

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகிற வழியில் உலகத்திலுள்ள அத்தனை வியாதிகளுக்கும் மருந்து உண்டு. சந்தேகமிருந்தால் வீதியோரத்துப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம். வழுக்கைக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, பிள்ளை இல்லாதவர்களுக்கு ஒன்று, பிள்ளை போதும் என்பவர்களுக்கு ஒன்று. இவையெல்லாம் நமக்கானவை அல்ல என்பது மட்டும்தான் சிறு குறை. சீகிரியாவில் ஏறி இறங்கி, முழங்கால் நோவோடு கண்டிக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்காக அவை காத்திருக்கின்றன. நமக்கு வியாதி வந்தால் இருக்கவே இருக்கிறது, கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருக்க மர வாங்கு.

அந்த வழியிலுள்ள ஒரு மசாலாத் தோட்டத்தில்தான் அழகுமுத்து வேலை செய்தார். பெயர் தோட்டம் என்றாலும் அங்கே விளைவதைவிட விற்பதுதான் அதிகம். மிளகுக்கொடி நாலு, ஏலச்செடி பத்து, கொக்கோ மரம் ஒன்று, சாதிக்காய் மரம் ஒன்று. அவற்றுக்குப் பின்னால் ஒரு நீளமான கடை. வான் வண்டியில் வந்து இறங்குகிறவர்களை மிளகுக்கொடிக்கு அடியில் உட்கார வைத்து, கையில் வாசனைத் தேநீர் கொடுத்து, அவர்களுடைய முழங்கையிலும் கழுத்திலும் எண்ணெய் தேய்த்து, எந்த எண்ணெய் எதற்கு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அழகுமுத்து. எண்ணெய்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வாயில் நுழையாது என்பது ஒரு காரணம். நாளைக்கே போத்தலுக்குள் இருப்பதை மாற்றினாலும் நம்பர் கோபித்துக்கொள்ளாது என்பது இன்னொரு காரணம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறை ஒன்றில் பிறந்து, மண்வெட்டி பிடித்து, தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குத்தான் இந்தத் தோட்டத்துக்கு முதலில் வந்தார். ஒரு நாள் வான் நிறையச் சனம் வந்திறங்க, விளக்கம் சொல்கிற ஆள் லீவு. வாளியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு முன்னால் வந்தவர், அதன்பின் வாளியைத் தூக்கவேயில்லை. அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு, தைரியம் அதிகம். அதைவிடப் பெரிய முதல் அவருடைய சிரிப்பு. காது வரைக்கும் போகிற சிரிப்பு. முதலாளி இந்திரகுமார் அந்தச் சிரிப்பைப் படம் பிடித்து, ஆளுயரத்துக்கு அச்சடித்து, வீதியிலேயே நிறுத்தி வைத்தார். கண்டி பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் அழகுமுத்துவின் பல்வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பதினேழாம் நம்பர் ஆரம்பத்தில் உடம்பு நோவுக்கான எண்ணெயாகத்தான் இருந்தது. அதைக் காதுக்குள் அனுப்பியவர் அழகுமுத்து.

சீகிரியா ஹோட்டல் தடாகத்தில் குளித்துவிட்டு வந்த ஒரு தடித்த மனிதர், காதுக்குள் தண்ணீர் போய் அடைத்துக்கொண்டது என்று தலையை ஆட்டிக் காட்டினார். இதற்கு என்ன நம்பர் என்று கேட்டார். அழகுமுத்து கண் சிமிட்டவில்லை. கைக்கு எட்டிய போத்தலை எடுத்தார். அது பதினேழு. "டூ டிராப்ஸ் சேர். டுமாரோ நோ ப்ராப்ளம்." மறுநாள் காலையில் தண்ணீர் தன்பாட்டில் வெளியே வந்திருக்கும்; தண்ணீரின் வழக்கம் அது. ஆனால் அந்த மனிதர் வானைத் திருப்பிக்கொண்டு வந்து ஒரு பெட்டி நிறையப் பதினேழு வாங்கிப் போனார். அந்த வாரமே இந்திரகுமார் பலகைக்காரனைக் கூப்பிட்டு ஒரு வரி சேர்த்தார். காது வலி. பிறகு காது இரைச்சல். பிறகு காது மந்தம். பலகையில் இன்னும் இடம் இருந்திருந்தால் காதே இல்லாதவர்களுக்கும் ஏதாவது கிடைத்திருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் வெள்ளைக்காரர் காது வெள்ளைக்காரர் பாடு என்று விட்டிருக்கலாம். ஆனால் அழகுமுத்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதர். கையில் ஒன்றிரண்டு போத்தலோடு போவார். வீட்டில் மனைவி பரிமளம். அடுத்த வாசலில் அவளுடைய தங்கச்சி சந்திரகாந்தா, புருஷனை இழந்து, கொழுந்து பறித்து ஓய்ந்தவள். லயத்தில் எந்தப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் தாய்மார் அழகுமுத்துவின் வாசலுக்குத்தான் வருவார்கள். பரிமளம் இரண்டு சொட்டு விடுவாள். பிள்ளைகளின் காது வலி பெரும்பாலும் தானாக நிற்கிற சாதி. நின்ற புகழ் பதினேழுக்குப் போனது.

"வெள்ளக்காரனே பெட்டி பெட்டியா தூக்கிட்டுப் போறான். இவர் கண்டுபிடிச்சது" என்பாள் பரிமளம். அழகுமுத்து சிரிப்பார். படம் பிடிக்கக்கூடிய அதே சிரிப்பு.

அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். இந்திரகுமாருக்கும் அழகுமுத்துவுக்கும். தேங்காய் எண்ணெய், வாசத்துக்குக் கறுவா இலை எண்ணெய், கண்ணுக்குக் கொஞ்சம் பச்சைச் சாயம். காதுக்கு அது நல்லது என்பது எங்கேயிருந்து வந்தது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

இனி அவருடைய சொந்தக் காதுக்கு வருவோம்.

எழுபதைத் தாண்டியவருக்குச் சீனி வியாதி பல வருடமாக உண்டு. கிளினிக்கில் குளிசை கொடுத்திருந்தார்கள். அதை அவர் நினைவு வந்தபோது போட்டார். நினைவு எப்படி வரும்? நாள் முழுக்க, கறுவா சாப்பிட்டால் சீனி ஓடிவிடும் என்று வானுக்கு வான் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அது நாலாம் நம்பர். அத்தோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேன் விட்ட வாசனைத் தேநீர் கொடுக்கும்போது, சந்தேகப்படாமல் அவர்கள் குடிக்கட்டும் என்று தானும் ஒரு கோப்பை குடித்துக் காட்டுவது வழக்கம். நாளைக்கு எத்தனை வானோ அத்தனை கோப்பை. உத்தியோகத்தின் ஒரு பகுதியாக இனிப்புக் குடித்தவர் அவர்.

இடது காதில் முதலில் அரிப்பு. கையில் எப்போதும் கறுவாப்பட்டைச் சுருள் இருக்கும். வெள்ளைக்காரர்களுக்கு ஒடித்து முகரக் கொடுப்பதற்கு. அதில் மெல்லியதாக ஒன்றை எடுத்துக் காதுக்குள் விட்டுச் சுகமாகக் குடைந்தார். இரண்டு கூட்டத்துக்கு நடுவே கிடைக்கிற ஓய்வில் வேறென்ன செய்வது? கறுவாப்பட்டையின் விளிம்பு எவ்வளவு கூர்மை என்று உரிக்கிறவர்களைக் கேட்டால் விரலைக் காட்டுவார்கள்.

அரிப்பு வலியானது. சாதாரண வலியில்லை. காதைத் தொட்டால் வலி, தொடாவிட்டாலும் வலி. படுத்தால் கூடியது. ரொட்டியை மெல்லும்போது தாடைக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறியது. ஆனால் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாததால் பெரிய வியாதி இல்லை என்று எல்லோரும் தீர்மானித்தார்கள். பிறகு காதிலிருந்து பச்சையாகச் சீழ் வந்தது. தலையணை நாறியது.

"இந்தாங்க, திரும்பிப் படுங்க" என்று பரிமளம் போத்தலோடு வந்து நின்றாள். பதினேழு.

அழகுமுத்துவுக்கு அப்போது ஒரே ஒரு வசனம் சொல்லக் கிடைத்தது. 'அது நான் கட்டிவிட்ட கதை, வேண்டாம்' என்பது. அதைச் சொல்லியிருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் லயத்துப் பிள்ளைகளின் காதிலெல்லாம் என்ன ஊற்றினோம் என்று பரிமளம் கேட்பாள். சந்திரகாந்தா கேட்பாள். கேட்டு முடித்து ஊரெல்லாம் சொல்வாள். அவர் திரும்பிப் படுத்தார்.

கறுவா இலை எண்ணெய் புண்ணில் பட்டால் எரியும். எரிந்தது.

"எரியுதா? அப்ப நல்லா வேல செய்யிது" என்றாள் பரிமளம். அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். யாருக்காவது எரிந்தால் அப்படிச் சொல்லிச் சமாளிப்பார்.

தோட்டத்தில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து முதலாளியிடம் லீவு கேட்டார். இந்திரகுமார் கெட்ட மனிதர் இல்லை. வியாபாரிகளில் கெட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் இன்றுவரை எந்த வியாபாரியின் வாயாலும் கேட்டதில்லை.

"காதா? காதுக்கா லீவு?" என்று கேட்டவர், குரலைத் தாழ்த்தினார். "அழகண்ணே, நீங்க காதப் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வரிசையில நின்னா நம்ம போர்டுக்கு என்ன மரியாத? ட்ரைவர்மாரு எல்லாம் பாப்பாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குச் சொல்லுவாங்க."

"வலி தாங்க முடியல முதலாளி."

"பாமசியில சொட்டு மருந்து வாங்கி ஊத்துங்க. ரகசியமா."

ரகசியமாக ஊற்றினார். பரிமளம் பகிரங்கமாகப் பதினேழு ஊற்றினாள். இரண்டும் உள்ளே என்ன பேசிக்கொண்டனவோ தெரியாது. கிருமி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. மூத்த உடம்பு, கட்டுப்படாத சீனி, ஈரமும் புண்ணுமாக இருண்ட ஒரு பொந்து. கிருமிக்கு இதைவிட நல்ல வாடகை வீடு எங்கே கிடைக்கும்?

ஒரு காலையில், பெரிய வானில் வந்த கூட்டத்துக்குத் தேநீர் குடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் மிடறு வாயின் இடது ஓரத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. துடைத்துவிட்டு இன்னொரு மிடறு குடித்தார். அதுவும் வழிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து நின்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அழகுமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. இடது கண் மூட மறுத்தது.

"ஐயோ, வாதம்!" என்று கத்திக்கொண்டு இந்திரகுமார் கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார். கையில் போத்தல். வாதத்துக்கு ஒன்பதாம் நம்பர் உண்டு. வாங்கில் படுக்க வைத்து, கன்னத்திலும் கழுத்திலும் தேய்த்தார். வந்த கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து வட்டமாக நின்று படம் பிடித்தது. ஒருவர் கைதட்டவும் செய்தார்.

கூட்டத்தைக் கொண்டுவந்த வான்காரர் ஸுஹைல்தான் சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பல வருடப் பழக்கம்.

"முதலாளி, தேச்சது போதும். நான் இவர ஏத்திட்டுப் போறேன்."

"இரு ஸுஹைல், ஒன்பது கொஞ்சம் ஊறட்டும்."

"ஊறினா மய்யத்தாயிருவாரு. தள்ளுங்க."

வெள்ளைக்காரர்கள் மிளகுக்கொடிக்கு அடியில் காத்திருக்க, அவர்களுடைய வான் அழகுமுத்துவை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் பறந்தது. அவர்கள் போக்குவரத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சத்தை அவருடைய முகத்துக்குத் தானம் செய்தார்கள். காத்திருந்த நேரத்தில் கடையில் நல்ல வியாபாரமும் நடந்ததாகக் கேள்வி.

ஆஸ்பத்திரியில் முதலில் வாதம் என்றுதான் பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். காலை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினார். கையும் காலும் சரியாக இருக்க முகம் மட்டும் இழுத்துக்கொண்டதைப் பார்த்த டாக்டர் அவருடைய காதுப் பக்கம் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். நாற்றம் அப்படி. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு, காது மூக்கு தொண்டை வார்டுக்கு அனுப்பினார்கள். பரிமளம் துணிப்பையோடு வந்து சேர்ந்தாள்.

காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தவர் டாக்டர் டிலானி. மாத்தளைப் பிள்ளைதான், தமிழ் பேசினார்.

"எவ்வளவு நாளா ஐயா இந்த வலி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"கொஞ்ச நாளா?" பரிமளம் குறுக்கே விழுந்தாள். "போன திருவிழாவுக்கு முந்தியே தொடங்கிருச்சு மிஸ்."

"காதுக் குழாய்க்குள்ள சத வளந்திருக்கு. காதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?"

"ஒண்ணும் ஊத்தல" என்றார் அழகுமுத்து.

பரிமளத்துக்கு ரோசம் வந்துவிட்டது. துணிப்பையிலிருந்து போத்தலை எடுத்து டாக்டரின் மேசையில் டக்கென்று வைத்தாள். லேபலில் அழகுமுத்து முழுப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் லேபலைப் பார்த்தார், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார், மறுபடி லேபலைப் பார்த்தார்.

"நல்ல எண்ண மிஸ். வெள்ளக்காரங்களே வாங்குறாங்க. இவரு கண்டுபிடிச்சது. விடாம ஊத்தினேன்."

"இதுல என்ன இருக்கு ஐயா?"

அவர் கூரையைப் பார்த்தார். மூடாத இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுதாரா என்று சொல்ல முடியாது. அந்தக் கண் இப்போது எந்நேரமும் வழிகிற கண்.

"தேங்கா எண்ண. கறுவா இல எண்ண. சாயம்."

"காதுக்கு ஊத்தச் சொல்லி யாரு சொன்னது?"

பரிமளம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பெருமையோடு பதில் சொல்லப் போகிறார் என்று. அவர் போத்தலை எட்டி எடுத்து, லேபல் சுவர்ப் பக்கம் போகத் திருப்பி வைத்தார். டாக்டரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அது மரியாதையா, விளங்கிக்கொண்டதா என்று அழகுமுத்து பிறகு வார்டில் படுத்துக்கொண்டு நெடுக யோசித்தார்.

"இது சும்மா காது வலி இல்ல ஐயா" என்றார் டாக்டர். "வெளிக்காதுல தொடங்கின கிருமி மண்ட ஓட்டு எலும்புக்குள்ள போயிருச்சு. முகத்த ஆட்டுற நரம்பு அந்த எலும்புக்குள்ளாலதான் வருது. அதத்தான் புடிச்சிருக்கு. சீனி கூடின வயசாளிங்களுக்குத்தான் இது கூடுதலா வரும். காய்ச்சல் வராது, அதனால யாரும் கணக்கெடுக்க மாட்டாங்க. காது வலி தூங்க விடாம, சொட்டு மருந்துக்கும் அடங்காம இருந்தா அன்னைக்கே வரணும். வாய் கோணுறதுக்கு முந்தி வந்திருக்கணும்."

"முகம் திரும்பி வருமா மிஸ்?" என்று கேட்டாள் பரிமளம்.

"மொதல்ல உயிரப் பாப்போம் அம்மா."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குள்ளிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி, புற்றா என்று பார்க்க அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. பஞ்சுக் குச்சியில் சீழை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்தார்கள். கை நரம்பில் குழாய் ஏற்றி, அதன் வழியாக வாரக் கணக்கில் மருந்து. விரல் நுனியில் குத்திக் குத்திச் சீனி பார்த்து இன்சுலின். இடைக்கிடை காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தார்கள். அப்போது அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் படக் கூடாது, குச்சி படக் கூடாது, எண்ணெய் பற்றிப் பேசவே கூடாது. மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது பிளாஸ்டர். ரத்தத்தில் அழற்சி இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வலி நின்ற பிறகும் மருந்து நிற்கவில்லை. எலும்புக்குள் புகுந்த கிருமி சும்மா இருப்பது போலப் பாசாங்கு செய்யுமாம். அழகுமுத்துவுக்கு அது உடனே விளங்கியது. பாசாங்கு அவருக்குத் தெரிந்த தொழில்.

பக்கத்துக் கட்டிலில் லக்கலையிலிருந்து வந்த ஒரு விவசாயி, தொண்டைக் கட்டிக்காக. அழகுமுத்து எங்கே வேலை என்று அறிந்ததும் சிங்களத்தில் கேட்டார்: "எங்க ஊரு வயலுக்கு யானை வருது மஹத்தயா. அதுக்கு எத்தனாம் நம்பர்?" வார்டே சிரித்தது. அழகுமுத்துவும் சிரிக்கப் பார்த்தார். பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வலி இல்லை, சீழ் இல்லை, உயிர் இருந்தது. இன்னும் சில வாரத்துக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். இடது காது பாதிதான் கேட்டது. முகம் கொஞ்சம் திரும்பியது. கண் ஒருவாறு மூடியது. வாய் மட்டும் மனம் மாறவில்லை.

தோட்டத்துக்குப் போனார். இந்திரகுமார் கட்டிப்பிடிக்காத குறை. அன்றைக்கே முதல் கூட்டத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார்: இந்த மனிதருக்குப் பெரிய வாதம் வந்தது, ஆஸ்பத்திரி கைவிட்டது, ஒன்பதையும் பதினேழையும் மாறி மாறிப் போட்டோம், இதோ நிற்கிறார்.

கூட்டம் போன பிறகு அழகுமுத்து கேட்டார். "முதலாளி, ஆஸ்பத்திரிதானே என்னைக் காப்பாத்திச்சு?"

"யாரு இல்லன்னா? ஆனா ஆஸ்பத்திரிய நம்ம விக்க முடியுமா அண்ணே?"

இந்தக் கதை வான்களைவிட வேகமாக லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சனம் கதையை உட்கார்ந்த இடத்திலேயே திருத்தியமைத்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ ஊசி போட்டார்களாம், கேட்கவில்லையாம். பரிமளம் ஊற்றிய பதினேழு உள்ளே ஊறி நின்று கடைசியில் காப்பாற்றியதாம். பரிமளமே அப்படித்தான் நம்பினாள். டாக்டர் மேசையில் போத்தல் பட்ட அவமானத்துக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

அதன்பிறகுதான் சந்திரகாந்தா வந்தாள். காதைப் பொத்திக்கொண்டு.

"அத்தான், உங்க பதினேழுல ஒரு போத்தல் குடுங்க. அரிச்சிது, கோழி எறகு விட்டுக் கொடஞ்சேன். இப்ப வலி உசுரு போகுது. மெல்ல முடியல, படுக்க முடியல."

அவளுக்கும் சீனி உண்டு. அவளும் குளிசை மறக்கிறவள். அழகுமுத்து எழுந்து அவளிடம் வந்தார். அவளுடைய முகத்தின் இடது வலதைப் பார்த்தார். இன்னும் நேராக இருந்தது.

"சந்திரா, ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னைக்கே போ."

"எண்ண இருக்க நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

அவர் வாசலைப் பார்த்தார். பரிமளம் அடுப்படியில் இருந்தாள். இத்தனை காலம் தொண்டையில் நின்ற வசனத்தை வெளியே எடுத்தார். "அது மருந்து இல்ல சந்திரா. தேங்கா எண்ண. காதுக்கு நல்லதுன்னு நான்தான் கட்டிவிட்டேன். பொய்."

சந்திரகாந்தா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அக்கா! இங்க வந்து உன் புருசன் பேசுறதக் கேளு. ஒரு போத்தல் ஓசியில போயிருமேன்னு, மருந்தே இல்லங்கிறாரு."

"நான் நெசந்தான் சொல்றேன்!"

"ஆமா ஆமா. உங்க காதுக்கு மட்டும் மருந்து, என் காதுக்குன்னா தேங்கா எண்ண. வெள்ளக்காரிக்கெல்லாம் வாரி வாரி ஊத்துறீங்க. நான் கறுத்தவ, அதான."

வெளியே வந்த பரிமளம் தங்கச்சியைவிடச் சூடாக இருந்தாள். "என்னங்க கதை இது? அப்ப நான் இவ்ளோ நாளா புள்ளைங்க காதுல என்னத்த ஊத்தினேன்? பைத்தியமா ஒங்களுக்கு? ஊசி போட்டு மூள கலங்கிருச்சா?" உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. போத்தல் வரப் போகிறது.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையை விற்கக் கொண்டுவந்த அழகுமுத்து, அதை வாங்க ஆள் இல்லை என்று கண்டார். சந்திரகாந்தா இந்தப் போத்தலோடு தன் வாசலுக்குள் போனால், அடுத்து வருவது தொங்குகிற கன்னம். அதற்கும் அடுத்தது வார்டில் வெள்ளைத் துணி. அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அதைக் கையிலெடுத்தார்.

"சரி, சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்று குரலைத் தாழ்த்தினார். வெள்ளைக்காரர்களிடம் குறைந்த விலை சொல்லும்போது இறங்குகிற அதே குரல். அக்காவும் தங்கச்சியும் கிட்ட வந்தார்கள். "பதினேழு வெறும் காதுல வேல செய்யாது. ஆஸ்பத்திரி மருந்து பட்ட ஒடம்புலதான் புடிக்கும். நான் மாத்திப் போட்டேன். எண்ண மொதல்ல, ஊசி பொறகு. அதான் நரம்ப இழுத்திருச்சு. பாரு." முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "நீ மொதல்ல டாக்டர் டிலானியப் போய்ப் பாரு. சீனியக் கொறைக்கணும், அவங்க குடுக்கிற மருந்து முடியணும். காது காஞ்சிருச்சுன்னு அவங்க வாயால சொல்லணும். பொறகு பதினேழ காதுக்குப் பின்னால தடவு. உள்ள ஒரு சொட்டு போச்சோ, என் மூஞ்சிதான் ஒனக்கும்."

"அப்பிடிச் சொல்லுங்களேன்!" என்றாள் சந்திரகாந்தா. "அத விட்டுட்டுப் பொய்யாம், தேங்கா எண்ணையாம்."

மறுநாள் காலை அக்காவும் தங்கச்சியும் பஸ் ஏறிவிட்டார்கள். டாக்டர் பார்த்தார். வெளிக்காது வீங்கி அடைத்திருந்தது. எலும்பு வரைக்கும் போகவில்லை. காதைச் சுத்தம் செய்து, மருந்தில் நனைத்த திரியை வைத்து, குளிசை கொடுத்து, சீனியை இறக்க வழி சொல்லி, திரும்பத் திரும்ப வரச் சொன்னார். சந்திரகாந்தா ஒரு கிளினிக்கும் தவறவில்லை. குளிசையில் ஒன்றும் மறக்கவில்லை. சிகிச்சை முடிய வேண்டுமே, பதினேழு காத்திருக்கிறதே.

காது காய்ந்தது. பின்னால் எண்ணெய் தடவினாள். பிறகு லயம் முழுக்கச் சொன்னாள்: பதினேழு தடவினேன், காது மணி மாதிரி கேட்கிறது.

ஸுஹைல் இதை இந்திரகுமாரிடம் வேடிக்கையாகச் சொன்னார். இந்திரகுமார் வேடிக்கையாகக் கேட்கவில்லை. மறுநாளே சந்திரகாந்தாவைக் கூப்பிட்டு, சேலை கட்ட வைத்து, மிளகுக்கொடிக்கு அடியில் நிறுத்தினார். முகம் நேராக இருந்தது, பல் இருந்தது, வாயும் இருந்தது. கோணல் வாயைப் பார்த்து இரண்டொரு வெள்ளைக்காரப் பிள்ளைகள் அழுதிருந்தார்களாம். வீதியோரத்துப் பலகையிலிருந்து அழகுமுத்துவின் சிரிப்பைக் கழற்றி, சந்திரகாந்தாவின் சிரிப்பை மாட்டினார்கள். பழைய பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையானது, நல்ல தகரம்.

அழகுமுத்துவுக்கு வேலை போகவில்லை. அந்த மட்டில் இந்திரகுமார் தர்மவான். பின்கட்டில், சாதிக்காய் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெரிய தாச்சியிலிருந்து போத்தலில் எண்ணெய் நிரப்புகிற வேலை. பெரும்பாலும் பதினேழு. ஓட்டம் கூடிவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டால், அவர் புனலை வைத்துவிட்டு வலது காதை வேலிப் பக்கம் திருப்பிக்கொள்வார். சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் சந்திரகாந்தா தொடங்குவாள். நம்பர் செவன்டீன், வெரி குட் ஃபோர் இயர். அதற்கு அடுத்த வரி ஒன்று இருக்கிறது. ஃபர்ஸ்ட் டாக்டர், ஆஃப்டர் ஆயில், நோ இன்சைட். அவர்தான் அவளுக்கு மனப்பாடமாக்கிக் கொடுத்தார், பொய்யோடு பொய்யாக.

இந்திரகுமார் டவுனுக்குப் போயிருக்கிற நாட்களில் அவள் அந்த வரியையும் சொல்கிறாள். முதலாளி கடையில் இருக்கிற நாட்களில் சொல்வதில்லை. அதைச் சொன்னால் வியாபாரம் படுக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார். இந்திரகுமார் டவுனுக்குப் போவது குறைவு.

அழகுமுத்து வலது காதைத் திருப்பிக்கொண்டு அந்த வரிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு புனலை எடுத்துக்கொண்டு அடுத்த போத்தலை நிரப்புவார்.